முகத்துச் சிலந்தி நாளங்கள்: பிள்ளைகளுக்கு எதை முதலில் பழக்குவது?

கொக்குவில் அழகுக்கலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கொக்குவிலில் பதினொரு வருடங்களாகச் சிறியதொரு அழகுக்கலை நிலையம் நடத்தி வருகிறேன். என்னிடம் நான்கு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். இருவர் அழகுக்கலையில் தேசிய தொழில் தகைமை (என்.வி.கியூ.) நான்காம் நிலை முடித்தவர்கள். மற்ற இருவரும் என்னிடமே தொழில் பழகியவர்கள். அண்மைக் காலமாக, மூக்கு மடிப்பிலும் கன்னத்திலும் சிவப்பு நூல் ஓடியதுபோல் தெரியும் மெல்லிய கோடுகளைக் காட்டி, "இதை எடுக்க முடியுமா?" என்று கேட்டு வருபவர்கள் கூடிவிட்டார்கள். விடுமுறைக்கு வரும் வெளிநாட்டு உறவுகள் "அங்கே ஊசியால் தொட்டு ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதும் அதற்கு ஒரு காரணம்.

கொழும்பிலுள்ள ஓர் இயந்திர விற்பனையாளர், உயர் மீடிறன் மின்னோட்டத்தில் இயங்கும் ஊசிக் கருவியை வாங்கினால் இரண்டு நாள் பயிற்சியும் சான்றிதழும் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறார். அவர்களுடைய செயல்முறை விளக்கம் ஒன்றுக்குப் போய் அரை நாள் இருந்து பார்த்தேன். தோலைப் பற்றிப் பேசியது கால் மணித்தியாலம். மீதி நேரமெல்லாம் எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த எண் தெரியும் என்பதுதான். செய்து காட்டிய பெண்மணி நல்ல வெள்ளைத் தோல்காரர். அங்கே நின்றபோதே, என்னிடம் வருபவர்களில் அந்த நிறத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மனத்துக்குள் எண்ணிப் பார்த்தேன்.

நான் அறிய விரும்புவது இதுதான். இந்த வேலைக்கு ஒரு பிள்ளையை ஒழுங்காகப் பழக்குவதென்றால் எந்த வரிசையில் பழக்க வேண்டும்? எங்கள் மாநிறத் தோலுக்கு ஊசி பொருந்துமா, லேசர் பொருந்துமா? எந்த முகத்தைத் தொடாமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதை ஒரு பிள்ளை எப்படிக் கற்றுக்கொள்வது? தொழில் தெரிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மானிப்பாய் மருத்துவர்

வணக்கம் சகோதரி. சில வருடங்கள் ஒரு தோல் கிளினிக்கில் மருத்துவ உத்தியோகத்தராக வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மூன்றாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன், ஏனெனில் பயிற்சி அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் சனங்கள் நாளத்தையும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். மூளையிலிருந்து வரும் நரம்பையும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். நீங்கள் "முகத்து நரம்பைச் சுடப் போகிறோம்" என்று சொன்னால், எதிரில் இருக்கும் அம்மா "வாய் கோணிப்போகுமா?" என்றுதான் அடுத்ததாகக் கேட்பார். ஆகவே இது தோலின் மேற்பரப்பை ஒட்டி நிரந்தரமாக விரிந்துவிட்ட மிக நுண்ணிய குருதிக் குழாய் என்பதையும், முகத்தை அசைக்கும் நரம்போடு இதற்குத் தொடர்பில்லை என்பதையும் அந்தப் பிள்ளைகள் தெளிவான தமிழில் சொல்லப் பழக வேண்டும். மருத்துவத்தில் டெலாஞ்சியெக்டேசியா என்பார்கள். பெரும்பாலும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுடையவை.

இந்தக் குழாய்கள் விரிவதற்குப் பல காரணங்கள் உண்டு. பல வருட வெயில், குழாயைச் சூழ்ந்து தாங்கும் கொலாஜன் இழையைக் குலைத்துவிடுகிறது. ரோசேசியா என்னும் தோல் நோயில் முகம் அடிக்கடி சிவந்து எரிந்து, பின்னர் குழாய்கள் நிலைத்துவிடுகின்றன. மாநிறத்தில் அந்தச் சிவப்பு மங்கலாகவே தெரிவதால் இந்த நோய் எங்கள் மக்களிடம் கவனிக்கப்படாமலே போய்விடுவதுண்டு. சிலருக்குப் பரம்பரை. இவற்றையெல்லாம் விட நான் கிளினிக்கில் அதிகம் கண்டது ஸ்டீரொயிட் கலந்த கிறீம்கள் செய்யும் கேடு. தேமலுக்கோ பருவுக்கோ ஒருமுறை எழுதிக் கொடுத்த கிறீமை, முகம் வெளுக்கிறது என்று கண்டு, பாமசியில் திரும்பத் திரும்ப வாங்கி மாதக்கணக்கில் பூசுகிறார்கள். பெயர்ச்சீட்டே இல்லாத டப்பாக்களில் விற்கப்படும் வெள்ளையாக்கும் கிறீம்களிலும் அது கலந்திருப்பதுண்டு. தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, உள்ளே ஓடும் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும். அப்படிப்பட்ட முகத்தில் ஊசி வைப்பது, கிழியத் தயாராயிருக்கும் சேலையில் தையல் போடுவதற்கு ஒப்பானது.

அடுத்தது, திருப்பி அனுப்ப வேண்டிய முகங்கள். நடுவில் ஒரு செம்புள்ளியும் அதிலிருந்து நாலாபக்கமும் கால்களும் உள்ள சிலந்திப் புள்ளியை, மற்றக் கோடுகளிலிருந்து வேறுபடுத்திப் பார்க்கப் பழக்குங்கள். மூடிய பேனாவின் நுனியால் நடுப்புள்ளியை மெல்ல அழுத்தினால் கால்கள் மறையும். விட்டதும் நடுவிலிருந்து வெளிநோக்கிக் குருதி பாயும். அங்கே குருதியைக் கொண்டுவருவது நாளமல்ல, சிறியதொரு நாடி. சிறுவர்களிடமும் கர்ப்பிணிகளிடமும் ஒன்றிரண்டு இருப்பது சாதாரணம். கர்ப்ப காலத்தில் வருபவை பெரும்பாலும் பிள்ளை பிறந்து சில மாதங்களில் தாமாக மறையும், ஆகவே காத்திருப்பதே வைத்தியம். ஆனால் ஓர் ஆணுக்கு முகத்திலும் கழுத்திலும் நெஞ்சிலும் பல புள்ளிகள் புதிதாகத் தோன்றியிருந்தால் அது ஈரலின் முறைப்பாடாக இருக்கலாம். குடிப்பழக்கம் உண்டா என்று அழகுக்கலை நிலையத்தில் கேட்பது சங்கடந்தான், ஆனாலும் வைத்தியரிடம் போகச் சொல்லலாம் அல்லவா?

உதட்டிலும் நாக்கிலும் சிவப்புப் புள்ளிகள் இருந்து, அடிக்கடி மூக்கால் இரத்தம் வடிந்து, வீட்டில் வேறு யாருக்கும் அப்படி இருந்தால் அது பரம்பரைக் குருதிக்குழாய் நோயாக இருக்கக்கூடும். முகத்தில் சதுரம் சதுரமாகச் செம்பொட்டுகள், குளிரில் வெளுத்து நீலம் பாரிக்கும் விரல்கள், விறைத்த தோல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது தோலிறுக்க நோயைக் காட்டும். வெயில் பட்டதும் இரு கன்னத்திலும் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவப்பவர்கள், முத்துப் போல் மினுங்கும் ஆறாத சிறு கட்டியின் மேல் கிளைவிட்ட குழாய்கள் தெரிபவர்கள் ஆகியோரும் தோல் வைத்திய நிபுணரிடம்தான் போக வேண்டும். கடைசியாகச் சொன்னது ஒருவகைத் தோல் புற்றுநோயாக இருக்கலாம். மாநிறத் தோலில் அது அரிது; ஆனால் அரிது என்பதற்காகவே தவறவிடப்படுகிறது.

இவற்றை அழகுக்கலைஞர் கண்டுபிடித்துப் பெயர் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. "இது எனக்குப் பழக்கமான கோடு இல்லை" என்று உணர்ந்தால் போதும். அதற்கு ஒரு சிறு கருவி போதும்: தெளிந்த கண்ணாடித் தகடு அல்லது கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் தகடு. கோட்டின் மேல் வைத்து அழுத்தினால் குழாய்க்குள் ஓடும் குருதி விலகிக் கோடு வெளுக்கும். வெளுக்காவிட்டால் குருதி குழாய்க்கு வெளியே கசிந்திருக்கிறது, அல்லது அது குழாயே அல்ல. மாநிறத்தில் வெறுங்கண்ணுக்குச் சிவப்புத் தெரியாத இடத்தில் இந்தத் தகடு இன்னும் பயன்படும். வாடிக்கையாளரை இருக்கையில் நிமிர்ந்து இருக்கச் செய்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

லேசரைப் பற்றிச் சுருக்கமாக. குருதியிலுள்ள ஈமோகுளோபின் உறிஞ்சும் ஒளியைத் தேர்ந்து, குழாய் மட்டும் சூடேறும் வகையில் குறுகிய நேரத்துக்குப் பாய்ச்சலாம் என்ற கோட்பாட்டை அன்டர்சன், பரிஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்டார்கள். 532 நனோமீற்றர் பச்சை லேசரும் 595 நனோமீற்றர் சாய லேசரும் அந்த வழியில் வந்தவை. எங்களுக்கு அங்கேதான் சிக்கல்: அந்த அலைநீளங்களை மேல்தோலுக்கு நிறம் தரும் மெலனினும் நன்றாக உறிஞ்சும். குழாய்க்குப் போக வேண்டிய சூட்டை வழியிலேயே தோல் வாங்கிக்கொள்ளும். கொப்புளம், கருமை, சில வேளை வெண்தழும்பு. 1064 நனோமீற்றர் லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சும் என்பதால் மாநிறத்துக்கு அது பாதுகாப்பானது என்பார்கள். ஆனால் ஈமோகுளோபினும் அதைக் குறைவாகவே உறிஞ்சுவதால் சக்தியைக் கூட்ட வேண்டியிருக்கிறது, கொஞ்சம் கூடிப்போனால் ஆழத்தில் புண்ணாகும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, விழித்திரையை நிரந்தரமாகக் கெடுக்கும். அதை இரண்டு நாளில் பழக்க முடியாது. லேசரை வைத்தியரின் பொறுப்பில் விடுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

இன்னொன்று: காலிலுள்ள சிலந்தி நாளங்களுக்கு மருந்தை ஊசியால் ஏற்றி அடைக்கும் முறையை முகத்துக்கு யாராவது பரிந்துரைத்தால் செவிகொடுக்காதீர்கள். முகத்து நாளங்கள் கண்குழி நாளங்களோடு தொடர்புடையவை. மருந்து தவறான வழியில் போனால் பார்வையே போகலாம்.

ஈஸ்ட்ஹாம் ஊசிக்காரி

அக்கா, வணக்கம். நான் பிறந்தது உரும்பிராய், இப்போது கிழக்கு லண்டன். மின்னூசியால் முடியகற்றுவதையே பல வருடங்களாகத் தொழிலாகச் செய்து, பின்னர் நான்காம் நிலைத் தகைமை எடுத்து முகத்துக் குழாய்களையும் செய்கிறேன். இங்கே இது வீட்டுக் கூடத்தில் கதிரை போட்டுச் செய்யும் வேலையல்ல. லண்டனுக்குள் பெரும்பாலும் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ளூராட்சியிடம் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் மின்னூசி வேலைக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு வேண்டும். ஊரில் நிலைமை வேறு என்பது தெரியும். ஆனால் தோல் அதே தோல்தான்.

பயிற்சியின் வரிசையைக் கேட்டீர்கள். மருத்துவர் ஐயா சொன்ன பார்வைப் பயிற்சிதான் முதல் மாதம் முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவியைப் பெட்டியிலிருந்து எடுக்கவே வேண்டாம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வருகிற முகங்களைப் பார்த்து, கோடு எங்கே, எந்த நிறம், அழுத்தினால் வெளுக்கிறதா, எந்தப் பக்கத்திலிருந்து நிரம்புகிறது, என்ன மருந்து எடுக்கிறார், என்ன கிறீம் பூசுகிறார் என்று ஒரு கொப்பியில் எழுத வேண்டும். செய்யலாமா, திருப்பி அனுப்பலாமா என்று கடைசி வரியில் தங்கள் முடிவையும் காரணத்தையும் எழுத வேண்டும். "செய்யலாம்" என்று எழுதிய பக்கங்கள் மட்டுமே கொண்ட கொப்பியை நான் நம்பமாட்டேன்.

இரண்டாவது கட்டத்துக்கு முட்டை வாங்குங்கள், அக்கா. வேடிக்கையாகச் சொல்லவில்லை. வெள்ளைக் கருவை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஊசியின் நுனியை உள்ளே வைத்து மின்னோட்டத்தை ஒரு கணம் விடுங்கள். நுனியைச் சுற்றிச் சிறியதொரு வெண்முத்து திரளும். சக்தியை அதே அளவில் வைத்து நேரத்தை மட்டும் நீட்டினால் அந்த முத்து பேரிக்காய் வடிவில் ஊசியின் மேற்பக்கமாக ஊர்ந்து ஏறும். குழாய்க்குள்ளும் இதுதான் நடக்கிறது: சூட்டில் புரதம் திரண்டு, சுவர்கள் ஒட்டிக் குழாய் அடைபடுகிறது. ஆனால் அந்த முத்து குழாயைவிடப் பெரிதாக வளர்ந்தால் பக்கத்துத் தோலும் சேர்ந்து வெந்துவிடும். என் ஆசிரியை எங்களுக்கு இதைக் காட்டிய அன்றுதான், கருவியின் திரையிலிருக்கும் எண் வேறு, தோலுக்குள் நடப்பது வேறு என்று எனக்குப் புரிந்தது. முட்டைக்குப் பிறகு தோலுரிக்காத கோழித் துண்டில் ஊசி நுழையும் ஆழத்தையும் சாய்வையும் பழகலாம்.

பிறகுதான் மனித முகம். அதிலும் கன்னத்து ஒற்றைக் கோட்டிலிருந்து தொடங்க வேண்டும், மூக்கு மடிப்பிலிருந்து அல்ல. எல்லோரும் எடுக்கச் சொல்லி வருவது மூக்கு மடிப்பைத்தான். குழி விழுவதும் பெரும்பாலும் அங்கேதான். தோலைத் தொற்றுநீக்கியால் துடைத்தால் அது முற்றாக உலரும்வரை காத்திருங்கள், ஈர அற்ககோலும் தீப்பொறியும் ஒன்றாக இருக்கக் கூடாது. உருப்பெருக்கி விளக்கின் கீழ், இடது கையின் இரு விரலால் தோலை மெல்ல விரித்து, ஊசியைத் தாழ்ந்த சாய்வில் குழாயின் மேல் வைத்து, செக்கனின் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் மின்னோட்டத்தை விட வேண்டும். கோடு கண்முன்னே மறையும். மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். "நன்றாகப் போகட்டும்" என்று அதே இடத்தில் இரண்டாவது தடவை தொடுவதுதான் பழகுபவர்கள் செய்யும் பெரிய பிழை. இரண்டு மூன்று மில்லிமீற்றர் இடைவெளி விட்டு அடுத்த புள்ளி. எஞ்சியதை ஆறு தொடக்கம் எட்டு வாரம் கழித்துப் பார்க்கலாம்.

மரத்துப்போகச் செய்யும் கிறீமைப் பூசிவிட்டுத் தொடங்குவோம் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். அது குழாயைச் சுருக்கிவிடுவதால் எடுக்க வேண்டிய கோடே கண்ணுக்குத் தெரியாது. ஐஸ் வைத்தாலும் அப்படித்தான்.

ஊசி மெலனினைத் தேடிப் போவதில்லை, ஆகவே லேசரைப் போல நிறத்தால் ஏமாறாது; அந்த வகையில் எங்கள் தோலுக்கு அது பொருத்தமானதே. ஆனால் சூடுபட்ட மாநிறத் தோல் ஆறும்போது கறுத்துவிடும் சுபாவமுடையது. பரு ஆறிய இடத்தில் கரும்புள்ளி நிற்பவரின் முகத்தில், ஊசி பட்ட இடமும் கறுக்க வாய்ப்புண்டு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். மேடிட்ட தழும்பு வளரும் உடம்புக்காரரையும், பேஸ்மேக்கர் பொருத்தியவரையும், கர்ப்பிணியையும், குருதி உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவரையும், பருவுக்கு ஐசோட்ரெற்றினோயின் குளிசை எடுப்பவரையும் நான் செய்வதில்லை. சீனி வருத்தம் உள்ளவராயின் புண் ஆறும் நிலைமையை அவருடைய வைத்தியரிடம் கேட்டுவிட்டே தொடங்குவேன்.

வேலணை வழிப்போக்கன்

இவ்வளவு கெடுபிடி தேவையா என்று தோன்றுகிறது. ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத குழாய்க்கு மாதக்கணக்கில் பயிற்சியா? காது குத்துவதற்கு யாரும் கொப்பி எழுதுவதில்லையே.

சுன்னாகத்து மூத்தவள்

தம்பி, காது குத்திய துளை பிழைத்தால் தோட்டால் மறைக்கலாம். மூக்கு நுனியில் விழுந்த குழியை எதைக் கொண்டு மறைப்பீர்கள்?

கொக்குவில் தங்கைக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். பெருமைப்படக்கூடிய அனுபவம் அல்ல. பல வருடங்களுக்கு முன்னர், ஐ.பி.எல். என்றால் கிரிக்கெட் என்று மட்டுமே எல்லோரும் நினைத்த காலத்தில், அந்தப் பெயரிலுள்ள ஒளிக் கருவி ஒன்றைக் கடன் எடுத்து வாங்கினேன். விற்றவர்கள் எல்லா நிறத்துக்கும் ஏற்றது என்றார்கள். ஒரு பிற்பகல் பழக்கினார்கள். முதல் மாதத்திலேயே, நல்லூர்த் திருவிழாவுக்கு விரதம் பிடித்துத் தினமும் வெயிலில் நின்று கறுத்திருந்த ஒரு பெண்ணின் கன்னத்தில் அதை வைத்தேன். அடுத்த நாள் கருவியின் கண்ணாடி முகப்பு எந்த அளவோ அதே அளவில், பெட்டி வெட்டியதுபோல், நாலு செவ்வகங்கள் அவளுடைய கன்னத்தில் கறுத்து நின்றன. அவை மங்க ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அவள் என்னைத் திட்டவில்லை. கோவிலில் கண்டால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான். கருவி இன்னும் என் களஞ்சிய அறையில் துணி மூடிக் கிடக்கிறது.

அதற்குப் பிறகுதான் ஊசியை முறையாகப் பழகினேன். ஈஸ்ட்ஹாம் தங்கை எழுதியவற்றோடு, இங்குள்ளவர்களுக்கே உரிய சில சங்கதிகளைச் சேர்க்க விரும்புகிறேன். மூக்கு மடிப்பில் செய்வதானால் மூக்குத்தியைக் கழற்ற வேண்டும். உலோகத்துக்குப் பக்கத்தில் மின்னோட்டம் விடக் கூடாது. கலியாண நாள் தொட்டுக் கழற்றாத மூக்குத்தியைக் கழற்றச் சொன்னால் சில அம்மாமார் மனம் நோவார்கள். அதை வேலை நாளில் சொல்லாமல் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் வீட்டில் கேட்டு முடிவெடுத்து வரட்டும். கழற்ற மனமில்லாவிட்டால் வேலையை விட்டுவிடுங்கள்.

மணப்பெண்கள் பொன்னுருக்கலுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஓடி வருவார்கள். ஊசி பட்ட இடத்தில் கடுகளவு பொருக்கு வந்து உதிர ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ செல்லும். சிவப்பு அடங்க இன்னும் சில நாட்கள் தேவை. கலியாணத்துக்கு இரண்டு மாதத்துக்குள் வருபவர்களுக்கு நான் மேக்கப்பால் மறைத்துவிடுகிறேன், தொடுவதில்லை. பொருக்கைக் கிள்ளக் கூடாது, அதன் மேல் மஞ்சள் பூசக் கூடாது, சந்தனம் வைக்கக் கூடாது, ஆவி பிடிக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். "ஒன்றும் பூச வேண்டாம்" என்று பொதுவாகச் சொன்னால், மஞ்சளை அவர்கள் பூசுபவற்றின் கணக்கிலேயே சேர்ப்பதில்லை! வெயில் காப்பு கிறீம் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், அதோடு ஒரு குடையும். சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறவர்களுக்குக் குடை உதவாது என்பதால் அவர்களுக்கு மாலை நேரமும் மார்கழி மாதமும் கொடுப்பேன்.

கொக்குவில் அழகுக்கலை

நேரம் ஒதுக்கி எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. விற்பனையாளரிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கருவியின் விலையைக் குறைத்துத் தருவதாகச் சொன்னார், பயிற்சி நாட்களைக் கூட்டுவதாகச் சொல்லவில்லை.

சம்மதப் பத்திரம் ஒன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். "இச்சிகிச்சையினால் முகத்திலுள்ள சிலந்தி நாளங்கள் முற்றாக நீங்கும் என்பதையும், சிறு பக்கவிளைவுகள் ஏற்படலாம் என்பதையும் அறிந்து சம்மதிக்கிறேன்" என்பது முதல் வரி. இதைச் சரிபார்த்துத் தர முடியுமா? பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் பழகுவதை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் ஊசிக்காரி

"முற்றாக நீங்கும்" என்பதை இன்றே வெட்டிவிடுங்கள், அக்கா. அடைத்த குழாய் திரும்பத் திறக்கலாம். குழாயை விரித்த வெயிலும் ரோசேசியாவும் அப்படியே இருப்பதால் பக்கத்தில் புதியது தோன்றலாம். "மங்கலாம் அல்லது மறையலாம்; ஒன்றுக்கு மேற்பட்ட தடவை செய்ய வேண்டியிருக்கலாம்; பின்னர் புதியவை தோன்றலாம்" என்று எழுதுங்கள். "சிறு பக்கவிளைவுகள்" என்பதிலும் எனக்குத் திருப்தியில்லை. எது சிறிது என்று தீர்மானிப்பது முகத்துக்குரியவர். கருமை, குழி, தழும்பு, தொற்று என்று பெயர் சொல்லியே எழுதுங்கள். படித்துப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுபோய், இன்னொரு நாள் வந்து கையெழுத்திடட்டும்.

செய்வதற்கு முன் எடுக்கும் புகைப்படத்தை ஒரே சுவருக்கு முன்னால், ஒரே யன்னல் வெளிச்சத்தில், ஒரே மணித்தியாலத்தில் எடுங்கள். கைத்தொலைபேசியில் முகத்தை அழகாக்கும் அமைப்பு ஏதும் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். எங்கள் சக தொழிலாளி ஒருவர் அதை மறந்து எடுத்த "முன்" படங்களில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை.

பிள்ளைகள் ஒருவர் முகத்தில் ஒருவர் பழகலாம், உண்மையிலேயே எடுக்க வேண்டிய கோடு இருந்தால் மட்டும். முதலாளி கேட்டார் என்பதற்காக ஒரு பிள்ளை தன் முகத்தைக் கொடுப்பது சம்மதமாகாது.

மானிப்பாய் மருத்துவர்

அந்தக் கடைசி வரியை நான் வழிமொழிகிறேன். ஊசி தொடும் நால்வரும் ஈரலழற்சி பி தடுப்பூசியின் மூன்று தடவைகளையும் போட்டு முடித்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊசி ஒருவருக்கு ஒன்று. பாவித்ததைத் துளைபடாத பெட்டியில் போட வேண்டும். வளவின் மூலையில் குப்பையோடு சேர்த்து எரிப்பது வழி அல்ல. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பேசி, அந்தப் பெட்டியை எங்கே ஒப்படைப்பது என்பதை வேலை தொடங்குவதற்கு முன்னரே ஒழுங்கு செய்துவிடுங்கள். கருவியை எப்போதாவது வாங்குவதானால், அது மருந்துகளையும் மருத்துவ சாதனங்களையும் ஒழுங்குபடுத்தும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறதா, பதிவு உண்டா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கொக்குவில் அழகுக்கலை

ஒரு சிறு செய்தி. கண்ணாடித் தகடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு, முன் யன்னலருகே நாங்கள் ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். என் மூக்கு மடிப்பிலேயே இரண்டு கோடுகள் இருப்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கும் முகந்தான், எனக்குத் தெரியவில்லை. அதைவிட முக்கியமானது, எங்களில் ஆக இளைய பிள்ளையின் இரு கன்னத்திலும் மெல்லிய வலைபோல் குழாய்கள் தெரிந்தன. தகட்டை வைத்ததும் வெளுத்தன, எடுத்ததும் திரும்பின. வெயிலில் எரிகிறதா என்று கேட்டபோது தலைகுனிந்து, மூன்று வருடமாக இரவில் ஒரு வெள்ளையாக்கும் கிறீம் பூசுவதாகச் சொன்னாள். நாளையிலிருந்து பூசமாட்டேன் என்று சத்தியம் செய்கிறாள். இவளை என்ன செய்வது, ஐயா?

மானிப்பாய் மருத்துவர்

சத்தியத்தை இப்போதைக்கு வாங்காதீர்கள். நீண்ட நாள் பூசியதைத் திடீரென நிறுத்தினால் முகம் முன்னைவிட மோசமாகச் சிவந்து, வீங்கி, பருக்கள் கிளம்பும். அதைக் கண்டு பயந்துதான் பலர் திரும்ப அதே கிறீமைப் பூசத் தொடங்குகிறார்கள். எப்படி நிறுத்துவது என்பதை வைத்தியர் முகத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். முகத்துக்கு நீராவியோ பிளீச்சோ ஃபேஷியலோ எதுவும் வேண்டாம். இந்தக் கிழமையே தோல் கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள். போகும்போது அந்தக் கிறீம் டப்பாவையும் மறக்காமல் கொண்டுபோகட்டும்.